திருச்சானூரில் மாமாவுக்குக் கல்யாணம்

எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் என்று எங்கள் ஊர் நகரி முழுக்கத் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவைத்தவள் நான்தான். அதற்காக இன்றைக்கும் வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள். ஆனால் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. கையில் அச்சடித்த சீட்டு இருந்தது. அதில் கல்யாணம் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை பேர் இருந்தது, பெண் பேரும் இருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். லாட்ஜுக்கு எதிர்ச் சந்தில் மாடி வீடு. அந்த வீட்டில் அவரோடு இன்னொருவரும் இருந்தார். ஊர் சித்தூர் என்பதால் எனக்கு அவர் சித்தூர் மாமா. கோயில் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்பி, பல வருஷமாக அந்த மாடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டுக்குப் போனால் மாமா இரண்டு என்பதுதான். ஒருவர் முடியாது என்றதை இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அவர்களைப் போல ஆசாரம் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை. நாமம் போடாமல் காபி கிடையாது. சனிக்கிழமை வெங்காயம் கிடையாது. என் பிறந்தநாளுக்கு கேக் வெட்டி மெழுகுவத்தி ஊத ஆசைப்பட்டேன். எரிகிற விளக்கை யாராவது வாயால் ஊதி அணைப்பார்களா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டி, குத்துவிளக்கு ஏற்ற வைத்தார்கள். கிழிந்த ஜீன்ஸ் இருவருக்கும் ஆகாது. காதலர் தினம் சுத்தமாக ஆகாது. தேர்தலில் ஒரே கட்சி. திருப்பதியில் ஒரு பண்பாட்டுச் சங்கம் இருந்தது, அதிலும் இருவரும் உறுப்பினர்கள். மாமாவுக்குத் தமிழும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு என்பதால், சங்கத்துக்குத் தீர்மானம் எழுதுவதும் மேடையில் படிப்பதும் அவர் வேலை. இவர்கள் விஷயம் அங்கே யாருக்காவது தெரியுமா என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். தெரிந்தவர்களும் கேட்டதில்லையாம்.

ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று டில்லியில் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்ட வருஷம் அது. தசரா லீவுக்கு நான் திருச்சானூர் போனபோது சங்கம் பரபரத்துக்கொண்டிருந்தது. குற்றமில்லை என்றது இருக்கட்டும், இதைச் சாக்காக வைத்து நாளைக்குக் கல்யாணமும் செய்துவைக்கச் சொல்வார்கள், அதற்கு அரசாங்கம் இடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டு அனுப்பப் போகிறார்கள். எழுதவேண்டியவர் யார்? மாமாதான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம்.

எதிலும் ஒத்துப்போகிற இரண்டு பேர் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் தயிர்சாதத் தட்டோடு அடுத்த அறையில் இருந்தேன்.

"குத்தம் இல்லன்னு சொல்ட்டாங்க இல்ல, அத்தோட போதும்," என்றார் மாமா. "நம்ம ஊட்ல நாம பாட்டுக்கு இருந்துகினு போறோம். கல்யாணம்ன்றது பெரியவங்க வெச்ச சாஸ்திரம். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும்னு வெச்சாங்க. அத்த மாத்தச் சொல்ல நாம யாரு?"

"யாரு மாத்தச் சொன்னது?" சித்தூர் மாமாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "பந்தக்கால் நட்டு, நலங்கு வெச்சி, பத்து பேரு வந்து துன்னுட்டு வாழ்த்திட்டுப் போற கல்யாணம்தான் எனக்கும் வேணும். அது ஒசத்தின்றதாலதானே கேக்கறேன்? மட்டமா இருந்தா நான் இன்னாத்துக்குக் கேக்கப்போறேன்?"

எனக்கு விளங்கிவிட்டது. சித்தூர் மாமாவுக்குக் கல்யாண ஆசை வந்திருக்கிறது, மாமா குறுக்கே நிற்கிறார். நான் உடனே சித்தூர் மாமா கட்சியில் சேர்ந்துவிட்டேன். கல்யாணம் என்றால் பட்டுப் பாவாடை, மேளம், மூன்று நாளைக்குத் தலைக்குப் பூ. இதை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?

சித்தூர் மாமா அதோடு நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை அந்தத் தாள எடுத்துகினு நீ மீட்டிங்குக்குப் போனீன்னா, நான் சித்தூர் பஸ்ஸு ஏறிடுவேன். திரும்பி வரமாட்டேன்." பரண்மேல் இருந்த அவருடைய நீலப் பெட்டி கட்டிலுக்கு இறங்கி வந்தது. எனக்கு மாமா ஒன்றாகிவிடப் போகிறது என்ற பயத்தில் தயிர்சாதம் இறங்கவில்லை.

மறுநாள் காலை கற்பூரம் எடுக்க சாமி அலமாரியில் கை விட்டபோது, குங்குமச் சிமிழுக்கு அடியில் அந்தச் சீட்டு கிடைத்தது. நான் நகரியில் தமிழ் மீடியம். தெலுங்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். கூட்டினேன். க-ல்-யா-ண-ம். அடுத்து என்னவோ நீளமாக வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டேன். ப-த்-மா-வ-தி. கீழே மாமா பேர், அதற்கும் கீழே சித்தூர் மாமா பேர். தேதி வெள்ளிக்கிழமை, மணி பத்தரை.

எங்கள் வீட்டில் திருச்சானூர் பத்மாவதி அம்மனை அலமேலம்மா என்றுதான் சொல்வோம். பத்மாவதி என்றால் என் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். வால் மாதிரி இருந்த மிச்ச எழுத்துகளைக் கூட்டியிருந்தால் அது அம்மனுக்குக் கோயிலில் நடத்துகிற கல்யாண உற்சவம், உட்கார்ந்து பார்க்க இரண்டு பேருக்கு டிக்கெட் என்று தெரிந்திருக்கும். எனக்கு ஏது பொறுமை? இரண்டு மாமாவுக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம், ஒரு பெண்ணின் பேர் பத்மாவதி, இன்னொரு பெண்ணின் பேர் இடம் போதாமல் விட்டுப்போயிருக்கிறது. மாமா குளிக்கப் போன சமயம் பார்த்து அவர் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் பவர்லூம் சத்தம். நான் கத்த, அம்மா கத்த, தறி தன் பங்குக்குக் கத்தியது.

"மாமாவுக்கு வெள்ளிக்கெழம கல்யாணம்மா!"

"இன்னாது? பொண்ணு யாருடி?"

"பத்மாவதி!"

"யார் ஊட்டுப் பொண்ணு?"

"திருச்சானூர்தான்! பத்தரைக்கு முகூர்த்தம்!"

தறி நின்றது. அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தம்பிக்கு எத்தனையோ ஜாதகம் பார்த்துப் பார்த்து ஓய்ந்தவள் அவள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். எனக்கானால் இரண்டு நாளும் தரையில் கால் பாவவில்லை. ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்திருந்த இரண்டு மாமாக்களையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். மாப்பிள்ளைகளுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தீர்மானத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். சித்தூர் மாமா பட்டு வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, தான் வாங்கிவைத்திருந்த அந்த டிக்கெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் நீலப் பெட்டி. கூட்டத்துக்குப் போவதா, கோயிலுக்கு வருவதா என்று அவர் ஒரு முறை கேட்டிருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை. மாமாவுக்குச் செருப்பு கண்முன்னால் இருந்தும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் சந்துக்குள் வேன் திரும்பியது. அம்மா, பெரியம்மா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா, எங்கள் தெருவில் பாதிப்பேர். பழத் தட்டு, பூத் தட்டு, எங்கள் தறியிலேயே நெய்த அரக்குப் புடவை, பாக்கு மட்டையில் சுற்றிய இரண்டு ரோஜா மாலை. நான் பால்கனியிலிருந்து குதிக்காத குறை. அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, தம்பியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, "பொண்ணு எங்கடா?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெற்றியோடு சித்தூர் மாமா கையிலிருந்த டிக்கெட்டைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டினேன். நைனா அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, இது அலமேலம்மா கல்யாணம்டி!" வேனில் வந்த கூட்டம் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தது. பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட்டில் இருந்த இரண்டு பெயரையும் படித்தாள். பட்டு வேட்டியைப் பார்த்தாள், நீலப் பெட்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, எனக்கு மீட்டிங் இருக்குது," என்றார் மாமா தரையைப் பார்த்து. "அதுவுமில்லாம, அது தம்பதிங்க உக்கார்ற எடம்."

"மீட்டிங்கு எங்கயும் ஓடாது. முகூர்த்தம் போனா வராதுடா," என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கு டிக்கெட்டு இருக்குது. ரெண்டு பேர் இருக்கறீங்கோ. நான் வாங்கினு வந்த மாலை வாடறதுக்குள்ள கெளம்புங்க."

மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியிருக்கும். நாங்கள் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். டிக்கெட் உள்ளவர்கள் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக. நடுவில் இவர்கள் இருவர். எங்களைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். நான் கம்பிக்கு இடையில் தலையை நுழைத்து, இன்னும் நம்பிக்கை விடாமல், பெண் வருகிறாளா என்று பார்த்தேன்.

சங்கல்பத்துக்குப் பேரும் கோத்திரமும் கேட்டபடி அர்ச்சகர் ஒவ்வொரு ஜோடியாக வந்தார். இவர்கள் முன்னால் நின்று, "அன்னதம்முலா?" என்றார். அண்ணன் தம்பியா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வெளியே யார் கேட்டாலும் அதுபோல ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறவர்தான் மாமா. ஆனால் இது அம்மன் சந்நிதி. சந்நிதியில் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் அம்மனைப் பார்த்தார். சித்தூர் மாமா மூச்சை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"காதண்டி," என்றார் மாமா. இல்லைங்க.

அர்ச்சகர் ஒருமுறை நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. "பேரு செப்பண்டி," என்று பேரைக் கேட்டார். மாமா தன் பேரையும் சித்தூர் மாமா பேரையும் ஒரே மூச்சில், சேர்த்துச் சொன்னார்.

அன்று சங்கத்தில் வேறு யாரோ வேறு தாளில் எழுதித் தீர்மானத்தைப் படித்துவிட்டார்களாம். மாமாவின் கருத்தும் மாறிவிடவில்லை. அன்று நடந்தது அம்மனுக்குக் கல்யாணம், சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வார். சட்டத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சித்தூர் மாமா இன்றைக்கும் எகிறுவார். டிவியில் அந்தப் பேச்சு வந்தால் அந்த வீட்டில் குக்கர் விசில்கூடக் காதில் விழாது. நீலப் பெட்டி அன்றே பரணுக்குப் போய்விட்டது. பத்மாவதிக்கென்று கொண்டுவந்த புடவையைப் பத்மாவதிக்கே சாத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் அம்மா. மாலைகளைக் கோயிலில் கொடுக்கவில்லை; வேனில் திரும்பும்போது தேடினேன், அதிலும் இல்லை, மாமா வீட்டில்தான் விட்டுவந்திருக்க வேண்டும்.

எனக்கு அன்று பெருத்த ஏமாற்றம். மேளம் கொட்டியது, தாலி ஏறியது, ஆனால் என் மாமாக்களுக்குப் பெண் வரவே இல்லை. கூட்டம் முழுக்க அம்மனைப் பார்த்து அட்சதை போட்டது. அம்மாவும் போட்டாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். ஆனால் அவள் போட்ட அரிசி மேடை வரைக்கும் போகவில்லை. மூன்று தடவையும் நடுவில் உட்கார்ந்திருந்த இரண்டு மாமாக்களின் தலையில்தான் விழுந்தது. இவ்வளவு தூரம் வந்து, அம்மாவுக்குக் குறி பார்த்துப் போடக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.