டிராமில் இரண்டு நிமிடம்

இன்று காலை பதினோரு மணிக்கு ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் டிராம் நடுவழியில் நின்றது.

"ஜெர்மன் சண்டையில செத்தவங்களுக்காக ரெண்டு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிக்கணும்," என்றார் கண்டக்டர்.

கீரைக்கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்: "பஸ்ராவுக்குப் பட்டாளத்து மூட்டை தூக்கப் போய்ச் செத்த எங்கண்ணனுக்கும் சேர்த்தா?"

"ஆமாக்கா," என்றார் கண்டக்டர்.

அவ்வளவுதான். எழுந்தவர் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்.

சண்டையில் செத்தவர்கள் நினைவாக விற்கும் சிவப்புக் காகிதப்பூவைச் சட்டையில் குத்தியிருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் திரும்பிச் சீறினார். "உஷ்! மௌனமா நிக்கத் தெரியாதா?"

அக்கா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டார்.

டிராம் கிளம்பியதும் என்னிடம் மெல்லக் கேட்டார்: "பொணம் வரலன்னு அன்னிக்கும் அழல. இன்னிக்கும் சும்மா நின்னா, நாம நினைக்கிறது அண்ணனுக்கு எப்படித் தம்பி கேக்கும்?"



கிராணி பத்திரிகையை விரித்தார். முதல் பக்கத்தில் புதிய போர்க்கப்பலின் படம். "அடடா, என்ன பீரங்கி பாத்தீங்களா!" என்று வண்டிக்கே கேட்கும்படி சொன்னார். யாரும் அவரை அடக்கவில்லை.

அடுத்த சண்டையைப் பற்றிச் சத்தமாகப் பேசலாம். போன சண்டையில் செத்தவனுக்குத்தான் சத்தமாக அழக்கூடாது போலிருக்கிறது.

உங்கள் டிராமில் எப்படி?