ஒருவேளைச் சாப்பாடும் அக்காவின் கல்லீரலும்

ஸ்கேன் அறைக்கு வெளியே நடைவழியில் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் வரிசை முழுவதும் குலுங்கியது. அடுத்த நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர் தன் காப்பியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று எனக்கு நல்ல உற்சாகம். அக்காவுக்குக் கல்லீரல் கொடுக்கப்போகிறவன் நான்.

அக்கா நூர்ஜஹான் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. அவருக்கு வந்தது கல்லீரல் இறுக்கம் (கல்லீரலின் நல்ல திசுக்கள் அழிந்து, தழும்பாகக் கெட்டிப்பட்டுவிடுவது). மதுவைத் தொட்டே பார்க்காத பெண்ணுக்கு இது எப்படி வரும் என்று உறவினர்கள் கேட்டார்கள். அவருடைய நோயெதிர்ப்புச் சக்தியே வழிதவறித் தன் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். இனி மாற்று அறுவைதான் வழி. இறந்தவர் ஒருவரிடமிருந்து கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அல்லது உயிரோடு இருக்கும் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவர் உடலிலும் வாங்கியவர் உடலிலும் அது மறுபடி வளர்ந்துவிடும். அக்காவின் கணவர், என் மச்சானின் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது.

அறுவை மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இதை எடுக்க முடியாது என்றார்.

வேறு யாருடைய படத்தையோ பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. லிட்டில் இந்தியாவின் உணவங்காடியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிரியாணிக் கடை நடத்துகிறேன். அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவேன். எடை நூற்று எட்டுக் கிலோ என்பது தெரியும். அதை நான் நோயாக நினைத்ததே இல்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எனக்குக் கொழுப்புக் கல்லீரல் (கல்லீரல் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும் நிலை). அப்படிப்பட்ட ஒரு துண்டை வைத்தால் அக்காவின் உடலில் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். மிச்சமிருப்பது எனக்கும் போதாமல் போகலாம்.

"இதைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

முடியும் என்றார். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. உடலில் மற்ற கொழுப்பைவிடக் கல்லீரல் கொழுப்பு சீக்கிரம் கரையக்கூடியது, ஒழுங்காகச் செய்தால் சில மாதங்களில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அக்காவுக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும் என்றுதான் நம்புகிறோம் என்றார்.

அன்று மாலை ஆங் மோ கியோவுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். சோபாவில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கண்ணின் வெண்மை மஞ்சளாகி, கால்கள் வீங்கியிருந்த நேரம் அது.

"நீ மெலியப்போறியா? சபீனா பத்து வருஷமா கத்துறா, நடக்கல. எனக்காக நடக்கப்போகுதா லா?" இந்த ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும், அக்காவிடம் அது அதிகம்.

"பாருங்கக்கா."

"வேணாண்டா. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் லிஸ்ட்ல வெயிட் பண்ணிக்கிறேன்."

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்வரை பேருந்தில் உட்காரவே முடியவில்லை. நின்றுகொண்டே போனேன்.

மருத்துவமனையின் உணவியல் நிபுணர் கவிதா, முப்பது வயதுகூட ஆகாத பெண். நான் இரண்டு விஷயங்களைப் படித்துவிட்டு அவரிடம் போனேன். ஒன்று கீட்டோ (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பையே உடலுக்கு எரிபொருளாக்கும் உணவுமுறை). இன்னொன்று ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடுவது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன் என்றேன்.

"அண்ணே, எல்லாருக்கும் நான் இதுக்கு ஓகே சொல்ல மாட்டேன்," என்றார் கவிதா. "சுகர் மாத்திரை போடுறவங்க செஞ்சா டேஞ்சர். உங்களுக்கு அது இல்ல. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை பிளட் டெஸ்ட். நான் நிறுத்துங்கன்னா நிறுத்தணும். அந்த ஒரு வேளையில புரோட்டீன், காய்கறி ரெண்டும் கண்டிப்பா இருக்கணும். சரின்னா ஆரம்பிங்க."

இதைப் படிக்கும் உங்களில் யாராவது எனக்கும் இதே வழி என்று நினைத்தால், முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். என் உடலுக்கு ஒத்துவந்தது என்பதைத் தவிர வேறு எந்த உத்தரவாதமும் என்னிடம் இல்லை.

முதல் வாரம் கொடுமை. தலை கனத்தது, கால்கள் துவண்டன, வாயில் ஏதோ இரும்பு வாடை. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடல் உப்பையும் நீரையும் வேகமாக வெளியேற்றுவதால் வருவது இது என்றார் கவிதா. எலும்பு சூப்பில் கொஞ்சம் கூடுதலாக உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார். காலையில் கோப்பி ஓ கோசோங் (சர்க்கரையும் பாலும் இல்லாத கறுப்புக் காப்பி), நாள் முழுவதும் தண்ணீர், மாலையில் ஒரே சாப்பாடு. ஆட்டிறைச்சி, முட்டை, சம்பல் மிளகாய் விழுதில் வதக்கிய கங்கோங் கீரை, வெள்ளரிக்காய், பாதி அவகாடோ. என் மனைவி சபீனா தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதை விளையாட்டுப் போட்டி பார்ப்பதைப் போலப் பார்ப்பாள்.

பிரியாணிக்காரன் சோறு சாப்பிடாமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். தம் உடைக்கும் நேரம்தான் கஷ்டம். மூடியைத் திறந்ததும் நெய்யும் புதினாவும் பாஸ்மதி அரிசியும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். முதல் சில நாட்கள் அந்த வேலையை சபீனாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

பிறகு ஒரு காலையில் ஏதோ மாறியது. கடைக்கு வந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். மூட்டை முடிந்துவிட்டது. நேரம் பார்த்தால் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம். தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல ஒரு தெளிவு. வழக்கமாகப் பதினோரு மணிக்கு வரும் மந்தம் வரவில்லை. பசி வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாத செய்தி இது: பசி காத்திருக்கும், திரும்பிப் போகவும் போகும்!

அதன் பிறகு தினமும் ஒரு வேடிக்கை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். குனிந்து காலணி மாட்டும்போது மூச்சு முட்டவில்லை. மின்தூக்கி பழுதான ஒரு மாலையில் ஒன்பதாம் மாடிக்குப் படியேறி வந்து, வியர்வையோடு கதவைத் தட்டினேன்.

"என்னங்க, யாரு துரத்துறா?" என்றாள் சபீனா.

"யாருமில்ல. சும்மா ஏறிப் பார்த்தேன்!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுத்து தெரியுதுங்க," என்றாள். எனக்குக் கழுத்து இருக்கிறது என்று அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

ரமலான் மாதம் வந்தபோது கவிதா கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை. நோன்பு துறக்கும் நேரம்தான் என் ஒருவேளைச் சாப்பாட்டு நேரம். நோன்பு தொடங்கும் முன் விடிகாலைச் சஹர் நேரத்தில் தண்ணீரும் சூப்பும் மட்டும். பகலில் தண்ணீர் இல்லாமல் தலைசுற்றினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டார் கவிதா. இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மணக்கும் நோன்புக் கஞ்சி அரிசியில் செய்தது. பிள்ளைகள் என் முன்னால் குடிக்கத் தயங்கினார்கள். குடியுங்கள் என்றேன். ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் துறந்துவிட்டு இறைச்சியை எடுத்தேன். அந்த மாதம் ஊரே என்னோடு சேர்ந்து பசித்திருந்தது. எனக்கு அப்படியொரு தெம்பு அதற்கு முன் இருந்ததில்லை.

நோன்பின் மூன்றாம் வாரத்தில் மச்சான் போன் செய்தார்.

"ரஃபீக், அக்கா ரத்த வாந்தி எடுத்துட்டா. ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டு இருக்கோம்."

கல்லீரல் இறுகிப்போனால் ரத்தம் அதன் வழியே போக முடியாமல் உணவுக்குழாயின் நாளங்களில் தேங்கி, அவை புடைத்துவிடும். அதில் ஒன்று வெடித்திருந்தது. உள்நோக்குக் குழாய் செலுத்தி அந்த நாளத்தில் சிறிய ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். இளைத்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

நேராகக் கவிதாவிடம் போனேன்.

"ரெண்டு வாரம் ஒண்ணுமே சாப்பிடாம இருந்துட்டா சீக்கிரம் குறையும்ல?"

"குறையாது. பட்டினி கிடந்தா தசை போயிடும், உடம்புக் கொழுப்பெல்லாம் கரைஞ்சு கல்லீரலுக்கே ஓடி வரும். அண்ணே, என்னைப் பாருங்க. நீங்க நல்லா செய்றீங்க. இன்னிக்கு சாயங்காலமும் வயிறு நிறைய சாப்பிடுங்க. அதுதான் இப்ப உங்க வேலை."

அன்று மாலை அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

பெருநாள் முடிந்த வாரம் மறுபடி ஸ்கேன். எடை எண்பத்தொன்பது. மருத்துவர் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்தார். எனக்குப் படம் புரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன். சபீனாவும் எழுந்துவிட்டாள். "எடுக்கலாமா, டாக்டர்?" என்று அவள்தான் கேட்டாள். எடுக்கலாம் என்றார். மருத்துவர் அறையில் கைதட்டக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தட்டினோம். அவரும் சிரித்துவிட்டார்.

அதன் பின் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவினர் என்னைத் தனியாக விசாரித்தார்கள். யாராவது வற்புறுத்துகிறார்களா என்பது அவர்கள் கேள்வி. "அக்காதான் வற்புறுத்துறாங்க, வேணாம்னு," என்றேன். கறாராக உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

அறுவைக்கு முன் கீட்டோவை நிறுத்தி, வழக்கமான உணவுக்குத் திரும்பச் சொன்னார்கள். சபீனா ஒரு கைப்பிடி வெள்ளைச் சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். சோறு இவ்வளவு இனிக்கும் என்று பதினெட்டு ஆண்டுகள் சோறு விற்றவனுக்குத் தெரியாது. நாலு வாயோடு போதும் என்றது வயிறு.

அறுவை நாளன்று என்னை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் படுக்கை எதிரில் வந்து நின்றது.

"பயமா இருக்காடா?"

"இல்லக்கா. ஜாலியா இருக்கு."

"லூசு," என்றார் அக்கா. கதவு மூடிக்கொண்டது.

விழித்தபோது வலித்தது. பொய் சொல்லமாட்டேன், மிகவும் வலித்தது. இருமினால் வயிறு இரண்டாகப் பிளப்பதுபோல் இருந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும தாதி கற்றுக்கொடுத்தார். அடுத்த கட்டிடத்தில் அக்காவின் உடலுக்குள் என் துண்டு பித்தநீர் சுரக்கத் தொடங்கிவிட்டது என்று மச்சான் வந்து சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

பிறகு கவிதா வந்தார். இனி ஒருவேளைக் கதை வேண்டாம், வளர்கிற கல்லீரலுக்குத் தீனி வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்றார். ஒருவேளைக்குப் பழகிய எனக்கு அந்த ஆறு வேளைதான் பெரும் சோதனையாக இருந்தது. முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சபீனா விடமாட்டாள்.

சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் என் கல்லீரல் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. நாற்பத்தேழு வயதுக்காரனின் வயிற்றில், பாதிக்குமேல் சில மாதங்களே ஆன கல்லீரல். இதற்கு இப்போது என்ன வயது என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதினார். என் உடலை நான் முடிந்துபோன விஷயமாக நினைத்திருந்தேன், இந்த வயதுக்கு இப்படித்தான் என்று. இப்போது காலையில் எழும்போது, உள்ளே இன்று என்ன நடக்கிறதோ என்று வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறேன். அக்காவின் உள்ளே இருப்பதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் என்பது இனி மூன்று சாப்பாட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி அல்ல. அது நீளமானது, அதில் நிறைய வேலை நடக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் அக்கா தனியாக ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிட்டார். முகக்கவசம் போட்டிருந்தார், அதற்கு மேலே கண்கள் வெள்ளையாக இருந்தன. நான் அப்போதுதான் தம் உடைத்திருந்தேன். மதிய வியாபாரம் தொடங்கவில்லை. கடைக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"டேய், பசிக்குதுடா," என்றார்.

நோய் வந்த நாளிலிருந்து அக்கா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சபீனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

"என்னடா பாக்குற? போடு லா!"

ஆவி பறக்கும் சோற்றில் கரண்டியை விட்டேன்.