நான் ஆட்டிய சிவப்புத் துண்டு

படம் பிடிக்கிற வேலை என்றால் கமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பது என்றுதான் எங்கள் ஊரில் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். உண்மையில் கொழும்பில் நான் பெட்டி தூக்கினேன், லென்ஸ் துடைத்தேன், இயக்குநர் கேட்கும்போது பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் தற்காலிகமாக. இன்றைக்குப் போகச் சொன்னால் இன்றைக்கே சாரனைச் சுருட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான்.

அந்த வேலை எனக்கு நிரந்தரமாக வேண்டியிருந்தது, தங்கச்சிக்காக. எங்கள் பகுதியில் வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து குடியிருக்கும் வீட்டைப் பெண் வீட்டார்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். வாப்பா கண்ணை மூடி மௌத்தாவதற்கு முன் சுவர்களை எழுப்பிவிட்டுப் போயிருந்தார். கூரை எங்கள் இரண்டு பேர் தலையிலும் வந்தது. மரம் காக்காவின் பொறுப்பு, ஓடு என் பொறுப்பு. காக்கா என் மூத்த சகோதரர். எங்கள் ஊரான சாய்ந்தமருதின் கரையில் ஒரு தோணியும் கரைவலையும் வைத்து இருபது பேரோடு தொழில் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேறு இடம் பார்ப்பார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அது ஐம்பதுகள். நாட்டுக்கு விமானப்படை புதிது. அந்தப் படையின் சாகசக் குழுவைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கும் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது. நாலு விமானம். சிறகோடு சிறகு உரசுவது போலச் சேர்ந்து பறந்து, சேர்ந்தே குத்துக்கரணம் போட்டு, சேர்ந்தே இறங்கும். கடைசிக் காட்சியில் அவை கடலுக்கு மேலாகத் தாழ்ந்து வந்து, கரையில் இருக்கும் கமராவின் தலைக்கு மேல் செங்குத்தாக எழும்ப வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். எந்தக் கடல் என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். நான் பிளேன்டீயை வைத்துவிட்டு, எங்கள் ஊர்க் கடல் நல்லது என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் அன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். காட்சி சரியாக வந்தால் என்னை உதவிக் கமராக்காரனாக நிரந்தரமாக்கக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். நான் அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்றே எழுதிவிட்டேன்.

ஊருக்கு வந்த முதல் நாள் விமானங்கள் வரவேயில்லை. ஒன்றில் எஞ்சின் கோளாறாம். அவற்றோடு பேசக் கொண்டுவந்த ரேடியோவும் அன்றைக்கே உப்புக்காற்றில் செத்துப்போனது. இரண்டாம் நாள் விமானங்கள் வந்தன. ஆனால் கமரா இருக்கும் இடம் தெரியாமல் தெற்கே காரைதீவுப் பக்கமாகப் போய்விட்டன. இயக்குநர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். ஒரே ஒரு படச்சுருள்தான் மிச்சம் இருந்தது. மறுநாள் தவறினால் விமானங்கள் தங்கள் தளத்துக்குத் திரும்பிவிடும். அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

கரையில் எங்களோடு நின்ற விமானப்படை அதிகாரி அன்று மாலை ஒரு வழி சொன்னார். மணலில் வெள்ளைத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து வைப்பது. அதைக் கண்டால் விமானங்கள் நேரே கமராவுக்கு மேலே வரும். ஏதும் ஆபத்து என்றால் ஒருவன் மணல்மேட்டில் நின்று சிவப்புத் துண்டை ஆட்ட வேண்டும். அதைக் கண்டால் விமானங்கள் கலைந்து விலகிவிடும். தோணியொன்றும் கடலில் இருக்கக்கூடாது, ஏனென்றால் அவை பனை உயரத்துக்குத் தாழ்ந்து வரும்.

தோணிச் செய்தியைக் காக்காவிடம் சொல்லவேண்டியவன் நான்தான். எனக்குத்தானே தமிழும் அவர்களுடைய இங்கிலீசும் தெரியும்.

"நாளைக்கு விடியப்பொறம் மட்டும் தோணிய எறக்க வேணாம் காக்கா."

"ஒரு மாசமா வெறும் வலதான் இழுக்கிறம்" என்றார் காக்கா. "இன்னொரு பொழுது சும்மா இருந்தா என்ன வந்துரப் போகுது? நீ சொன்னாச் சரி தம்பி. ஒன்ட வேலதான் இப்ப பெரிசு."

சிவப்புத் துண்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது நானே கேட்டு வாங்கினேன். எனக்குக் கண் கூர்மை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பெருமையில் பொய் இல்லை. கொழும்புக்குப் போகும்வரை வாப்பாவின் வலைக்கு மணல்மேட்டில் நின்று மீன் பார்த்தவன் நான். கரைவலைக்கு அப்படி ஒருவன் வேண்டும். கடலில் எங்கே தண்ணீர் கறுக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பான். கத்தினால் அலைச் சத்தத்தில் கேட்காது. அதனால் கையில் ஒரு துண்டு வைத்திருப்பான். அது ஆடினால் தோணி இறங்கும். எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் தோணி வளையும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. காக்காவும் ஆட்களும் தோணியடியில் குந்தியிருந்தார்கள். வடக்கே நாலு புள்ளிகள் தெரிந்தன. பிறகு சத்தம் வந்தது. நான் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, தோணி ஏதும் வருகிறதா என்று கடலையே பார்த்தபடி நின்றேன். இயக்குநர் கமராவை ஓடவிட்டார். நாலும் வைர வடிவில் சேர்ந்து தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து வந்தன. யா அல்லாஹ், இன்னும் கொஞ்ச நேரந்தான், கூரைக்கு ஓடு வந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தண்ணீர் கறுத்தது.

கீரி மீன். அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கரைக்கு இவ்வளவு கிட்ட, பாய் விரித்தது போலக் கிடந்தது. ஒரு மாதம் வெறும் வலை இழுத்தவர்களுக்கு முன்னால் அது வந்து கிடக்கிறது. என் கை எப்போது உயர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வலப்பக்கமாக மூன்று தரம், வாப்பா பழக்கிய மாதிரியே, முழுக்கையையும் வீசி ஆட்டினேன்.

இருபது பேரும் ஒன்றாக எழும்பினார்கள். தோணி அலையை ஏறிக் கடந்தது. அதே நேரத்தில் மேலே நாலு விமானமும் நாலு பக்கமாகச் சிதறின. ஒன்று என் தலைக்கு மேலே சரிந்து போன காற்றில் மணல் வந்து கண்ணில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. என் கையில் துண்டு இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. இயக்குநர் முகம் சிவக்க ஓடிவந்தார், பின்னால் அதிகாரி. "ஏன் ஆட்டினாய்?" என்று கேட்டார்கள். கடலில் தோணி நின்றது. நான் அதைக் காட்டினேன்.

"அவர்கள் தோணியை இறக்கிவிட்டார்கள், சேர். ஆபத்து என்று ஆட்டினேன்."

அவ்வளவுதான். முந்தியதைப் பிந்தியதாக்கிவிட்டேன்.

அதிகாரி தோணியைத் திருப்பிக் கூப்பிடச் சொன்னார். வலையைப் பாதி போட்டிருந்தார்கள். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். காக்கா நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். சாரனிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஏன் இறக்கினான் என்று கேள் என்றார் அதிகாரி. நான் கேட்டேன்.

"நீதானே தம்பி ஆட்டினாய்?" என்றார் காக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "துண்டு ஆடினா எறங்காம குந்திக்கிட்டா இருப்பம்? அங்க பாரு மீன. கெதியா உடச் சொல்லு, போகப் போகுது."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். மீனைக் கண்ட ஆசையில் பிழை செய்துவிட்டோம், சொரி என்கிறார் என்று இங்கிலீசில் சொன்னேன்.

காக்காவுக்கு இங்கிலீசில் தெரிந்தது இரண்டு மூன்று சொல். அதில் சொரியும் ஒன்று. அது என் வாயிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்தார். அதிகாரி என் தோளில் தட்டி, நாலு உயிரைக் காப்பாற்றினாய் என்றதையும் பார்த்தார். காக்காவுக்குப் பின்னால் நின்ற ஒருவன் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். காக்கா அவனைத் தடுத்தார்.

"வாய மூடு. அவன்ட வேல போயிரும்."

என் விழிப்பைப் பற்றி அதிகாரி மேலிடத்துக்கு நல்லபடி அறிவித்தாராம். அதனால் விமானங்களுக்கு இன்னும் இரண்டு நாள் கிடைத்தது. கொழும்பிலிருந்து காரில் புதுச் சுருளும் வந்தது. அந்த இரண்டு நாளும் எங்கள் கரையில் ஒரு தோணியும் இறங்கக்கூடாது என்று உத்தரவு. இரண்டு நாளும் கீரி கரையோடு கரையாகக் கிடந்தது. வடக்கே மருதமுனைப் பக்கம் வலை கிழியும் அளவுக்குப் பட்டதாம். காக்காவின் ஆட்கள் தோணி நிழலில் குந்தியிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தடை நீங்கித் தோணியை இறக்கியபோது கடலில் கறுப்பு இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வலைகளுக்குப் போய்விட்டார்கள். காக்காவும் கடைசியில் இன்னொருவரின் வலையில் கயிறு இழுக்கப் போனார்.

காட்சி சரியாக வந்திருந்தது. எனக்குக் கடிதம் வந்தது. நிரந்தர வேலை. முதல் சம்பளங்களைச் சேர்த்து ஓடு வாங்கி லொறியில் அனுப்பினேன். மரம் வரவில்லை. ஓடுகளைத் தாங்க ஒரு மரச்சட்டமும் இல்லாமல் அவற்றைச் சுவரோரம் அடுக்கி வைத்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே வேறு இடம் பார்த்தார்கள். தங்கச்சி என்னோடு நன்றாகத்தான் கதைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் அந்தப் படத்தை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காட்டினார்கள். ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, ஒரு பின்னேரம். காக்கா புதுச் சாரன் உடுத்து வந்து என் பக்கத்தில் இருந்தார். நாலு விமானமும் கடலோடு தாழ்ந்து வந்து தலைக்கு மேல் எழும்பியபோது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். படத்தின் அடியில் ஓரமாக ஒரு தோணியும், அதன் நிழலில் குந்தியிருக்கும் ஆட்களும் விழுந்திருந்தார்கள். படத்தை வெட்டி ஒட்டும்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்திருந்தேன்.

சாக்கை இறக்கியதும் வெளிச்சம் வந்தது. காக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லா விழுந்திரிக்கி. நாங்க குந்தியிருக்கிறதும் விழுந்திரிக்கி" என்றார். "அந்தத் துண்டு மட்டும் காணல்லயே தம்பி?"

"அத வெட்டிட்டாங்க காக்கா" என்றேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைத் தேடப் போனார்.