ஐந்து வயதை ஏழாக்கியவர்

அறந்தாங்கி அருகே ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் ஷீபா பதினாறு வருடமாகக் கல்வி உளவியல் நடத்துகிறார். அரசுக் கல்லூரி வேலைக்கு அவர் எழுதிய தேர்வுகள் ஏதாவதொரு வழக்கில் நின்றுபோயின. ஒவ்வொரு ஜூனிலும் வேலை நீடிக்குமா என்று தாளாளரின் கையெழுத்துக்குக் காத்திருப்பதே பழகிவிட்டது.

குழந்தையின் அறிவு எந்த வயதில் எப்படி வளர்கிறது என்பது அவருக்குப் பிடித்த பாடம். இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஒன்றை நெட்டையான கண்ணாடிக் குவளைக்கு மாற்றுவார்.

"ஏழு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க, நெட்டையா இருக்குறதுலதான் கூட இருக்குன்னு சொல்லும்னு புத்தகம் சொல்லுது. நம்பாதீங்க. நீங்களே ஒரு புள்ளைகிட்ட கேட்டுப் பாத்து ரெக்கார்டுல எழுதுங்க" என்பார்.

யாரும் கேட்டதில்லை. சீனியர்களின் ரெக்கார்டை எடுத்து, குழந்தையின் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடுவார்கள்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்து படித்த செவந்தி மட்டும் கேட்டாள். பக்கத்து வீட்டு ஐந்து வயதுச் சிறுமி, தாய் மீனைக் கூறு போட்டு விற்பதைத் தினமும் கூட இருந்து பார்ப்பவள், "அதே தண்ணிதானக்கா, எப்புடிக் கூடும்?" என்றிருக்கிறாள். செவந்தி அதை அப்படியே எழுதினாள். அதைப் படித்த அன்று ஷீபா மதியச் சாப்பாட்டையே மறந்துபோனார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார். "என்ன மேடம் இது? ஒண்ணு வயசு தப்பு, இல்ல பதில் தப்பு. இப்புடியே விட்டா காலேஜுக்குத்தான் கெட்ட பேரு."

பக்கத்தில் முதல்வர் சிவசாமி உட்கார்ந்திருந்தார். ஜூனுக்கு இரண்டே மாதம்.

"வயச ஏழுன்னு மாத்திரும்மா" என்றார் ஷீபா, எதிரே நின்ற செவந்தியிடம்.

"அதுக்கு அஞ்சுதான் மேடம். நீங்கதான கேட்டுப் பாக்கச் சொன்னீங்க?"

"மாத்திரு செவந்தி."

அவள் மாற்றினாள். காப்பியடித்தவர்களுக்குக் கிடைத்த அதே மதிப்பெண் அவளுக்கும் கிடைத்தது. அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று ஷீபா பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார், மனசு கேட்கவில்லை. மறுவருடம் ரெக்கார்டுக்கு ஒரு மாதிரியை அவரே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் செவந்தியைப் பார்த்தார். ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராம்.

"புள்ளைங்க நல்லாப் பேசுதுங்களாம்மா?"

"பேச விடுறதில்ல மேடம். ஒர்க்புக்க முடிக்கணும்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஷீபா மன்னிப்பாவது கேட்டிருப்பார். பஸ் வந்தது. "வாரேன் மேடம்" என்று செவந்தி கூட்டத்தோடு ஏறிக்கொண்டாள்.