மொசைக் கரு

குறை என்னிடம்தான். விந்தில் உயிரணுவே இல்லை என்று இரண்டு லேபில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விதையில் ஊசி குத்தி உயிரணு எடுத்து, கிடைத்த கொஞ்சத்தை என் மனைவியின் முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். ஐந்தாம் நாள் மூன்று கருக்கள் தேறின. மரபணுவில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒவ்வொன்றிலும் துளி கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, கருக்களை உறைய வைத்தார்கள்.

ரிசல்ட் வந்த அன்று எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"ரெண்டு சரியில்லம்மா, வைக்க முடியாது. ஒண்ணு மொசைக்."

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி, செங்கல் சூளை, மீன் வண்டி என்று ஓடியதில், நடுவே ஆறு வருஷம் மொசைக் தரைக்கு பாலிஷ் போட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் கேட்ட வார்த்தைகளில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

"தரை மாதிரியா மேடம்?"

"அப்படித்தான்னு வெச்சுக்கங்க. நல்ல செல்லும் கெட்ட செல்லும் கலந்திருக்கு. தங்கலாம், தங்காமலும் போகலாம். அடுத்த தடவை உங்களுக்கு உயிரணு கிடைக்கும்னும் சொல்ல முடியாது. வைக்கிறதுன்னா கையெழுத்து போடுங்க."

மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"யோவ், நீ போட்ட தரைல எங்கனா கல்லு பேந்துக்கீதா?"

"இல்ல."

"நெஞ்சத் தொட்டு சொல்லு."

"ஒரு கல்லுகூட பேரல."

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

நான் போட்ட எந்தத் தரையையும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் அடுத்த இடம், அடுத்த மேஸ்திரி.

கருவை வைத்தார்கள். பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனை. அதுவரை அவள் தும்மவும் பயந்தாள். "இன்னா மாமே, ஊட்ல முட்டைய அடை வெச்சிக்கீறீங்களா, சத்தமே காணோம்?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். விஷயம் தெரியாமல் கேட்டான்.

பத்தாம் நாள் என்னால் உட்கார முடியவில்லை. கொரட்டூர் ஏரிப் பக்கம் நான் பாலிஷ் போட்ட ஒரு வீடு ஞாபகம் இருந்தது. தேடிப் போய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மா வந்தார்.

"உங்க ஊட்டு மொசைக்குக்கு பாலிஷ் போட்டவன்மா. ஒரு தபா பாத்துக்கட்டா?"

"அதெல்லாம் எப்பவோ பேத்துட்டு டைல்ஸ் போட்டாச்சேப்பா."

"கல்லு பேந்துச்சாம்மா?"

"யாருக்கு ஞாபகம்? இப்ப யாருப்பா மொசைக் வெச்சிருக்கா?"

கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"எங்கயா போயிருந்த?"

"கொரட்டூர்."

என் பக்கம் மெதுவாகத் திரும்பிப் படுத்தாள். பிறகு கேட்டாள்.

"தரை எப்டி கீது?"

"அப்டியே கீது."

"பளபளன்னா?"

"மூஞ்சி தெரியுது," என்றேன்.

ரத்தம் எடுக்க இன்னும் நாலு நாள் இருந்தது.