அக்காவுக்கு வாங்கிய சீன ஜோசியம்

எண்பதுகளின் நடுவில் அக்காவின் கல்யாணம் ரஜ்ஜுப் பொருத்தத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அவளோடு ஆபீசில் வேலை பார்த்த செம்பூர்க்காரரைப் பிடித்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாள். அப்பா இரண்டு ஜாதகங்களையும் மூன்று ஜோசியர்களிடம் காட்டினார். மூவரும் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டில் யாராலும் மறுத்துப் பேச முடியாத ஒரு ஜோசியத்தைக் கொண்டுவந்து, அதன் வாயால் 'சரி' சொல்ல வைப்பது என்று முடிவு கட்டினேன்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் சீன ஜோசியம் இரண்டு வடிவத்தில் கிடைத்தது. ஒன்று அட்டைக்கட்டு. அறுபத்து நாலு அட்டைகளிலும் மலை, ஏரி, இடி என்று அழகழகான படங்கள். ஒன்றை உருவினால் போதும், படத்துக்குக் கீழேயே பலன். மற்றது செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம். மூன்று காசுகளை ஆறு தடவை போட்டுக் கோடு கோடாக எழுதிப் பார்க்க வேண்டும். "தோனோ லே லோ" என்று இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர், இந்தியில். இரண்டுக்கும் என் பர்ஸ் இடம் கொடுக்கவில்லை. ஆசையெல்லாம் அட்டைமேல்தான். ஆனால் சீட்டுக்கட்டு மாதிரி எதையாவது கொண்டுபோனால் அம்மா என்னையும் சேர்த்து வெளியே தள்ளுவாள். புத்தகத்தை வாங்கினேன்.

சர்க்கிள் தோட்டத்து பெஞ்சிலேயே பிரித்துவிட்டேன். முழுக்கோடு ஒன்று, நடுவில் இடைவெளி விட்ட கோடு ஒன்று, அவ்வளவுதான். அவற்றைக் கீழேயிருந்து மேலாக ஆறு அடுக்கு வைத்தால் அறுபத்து நாலு நிலைமைகள். மனுஷருக்கு நேர்வதெல்லாம் அதற்குள் அடக்கமாம். பிரமித்துப் போனேன். அடுத்த பக்கம் அதற்கும் மேலே. கேள்வி யாருடையதோ அவர்தான் காசைக் கையில் எடுக்க வேண்டும். 'நடக்குமா?' என்று கேட்கக் கூடாது, 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் அப்பா, கேட்பதும் அப்பா, திரும்பி வந்து சொல்வதும் அப்பா. அவரைக் குறை சொல்ல வந்த நானும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையில் மூன்று நாலணாக்களை வைத்தேன்.

"சிங்கம் விழுந்தா மூணு, நம்பர் விழுந்தா ரெண்டு. மனசுக்குள்ள கேட்டுண்டே போடு."

ஆறு தடவை போட்டாள். ஒவ்வொரு தடவையும் மூன்றையும் கூட்டி, ஒற்றைப்படைக்கு முழுக்கோடு, இரட்டைப்படைக்கு இடைவெளிக் கோடு என்று அடிக்கோட்டிலிருந்து எழுதிக்கொண்டே வந்தேன். உருவம் கிடைத்துவிட்டது. அதற்கான பக்கத்தைத் தேடினேன். அக்கா புத்தகத்தின்மேல் கையை வைத்து மூடிவிட்டாள்.

"வேண்டாம்டி."

"ஏன்க்கா, நல்லதா இருந்தா?"

"கெட்டதா இருந்தாலும் அவரைத்தான் பண்ணிப்பேன். கேக்கும்போதே தெரிஞ்சுடுத்து."

எழுந்து நேரே ஹாலுக்குப் போனாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அதையே குரல் பிசகாமல் சொன்னாள். அப்பா முன்னால் தலை நிமிராத அக்காவா இது என்று கதவருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பேப்பரை மடித்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"உக்காரு" என்றார். "அவன் எப்படிப்பட்டவன்? நீ சொல்லு."