முன்சீட்டுக்கு வெட்டிய ஜமுக்காளம்

உலக யுத்தம் முடிந்தும் துணி இன்னும் ரேஷனில்தான் கிடைத்துக்கொண்டிருந்த சமயம். மலையிலிருந்து தலைச்சுமையாக அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் மிளகையும் பலாப்பழத்தையும் சந்தைக்குக் கொண்டுபோக, அப்பா ஒரு பழைய பிக்கப் லாரி வாங்கினார். அதன் முன்சீட்டு கிழிந்து கிடந்தது. சீட்டுத் தைப்பவர் எங்கள் களத்துக்கே வந்து, "தோலுங்களா, துணியுங்களா?" என்று கேட்டார்.

"தோல்தான்" என்றார் சித்தப்பா. "துணியில பலாப்பால் ஒட்டுனாப் போகாது. தோல்னா எண்ணெய் தொட்டுத் தொடச்சாப் போதும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அம்மா தோலில் உட்காரமாட்டாள். தோலே தொடுவதில்லை என்று மலைச்சாமிக்கு வேண்டிக்கொண்டு செருப்பைக்கூட விட்டவள். அதைச் சொன்னேன்.

"உங்கம்மா பின்னால மூட்டை மேல உக்காந்துக்கட்டும் கண்ணு."

"எங்கம்மா மூட்டையில்லீங்க சித்தப்பா."

"கடையில கெட்டித்துணி எங்க கெடைக்குது?" என்று சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வாங்கி வைத்திருந்த புதுப் பவானி ஜமுக்காளத்தை உள்ளேயிருந்து தூக்கி வந்து சீட்டுத் தைப்பவர் முன்னால் போட்டேன். "வெட்டுங்க" என்றேன்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தா எதுல உக்காருவாங்க?" என்று சித்தப்பா கத்தினார்.

அடுத்த வாரமே வந்தார்கள். கோரைப்பாயில்தான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்ல ஜமுக்காளத்த இப்படி வெட்டலாமுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

காபித் தட்டோடு தலைகுனிந்து நிற்க வேண்டிய நான் நிமிர்ந்தேன்.

"அதுல எங்கம்மா உக்காருவாங்க. உங்களுக்குப் பாய் போதுமுங்க."